ஐம்பத்தொரு கிலோ

பைபாஸ் ரோடு ஷோரூமில்
ஏசியும் ஓடுகிறது, மின்விசிறியும் ஓடுகிறது.
ஆர்டர் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில்
சஸ்பென்ஷன் என்ற சொல்லுக்கு நேரே
மூன்று கட்டங்கள்.

சாதா.
தாழ்த்தியது.
மின்னணு: ரோட்டைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும்,
ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கூடுதல்.

சகாயராஜ் பேனாவை நீட்டும்போதே
அதன் நுனி இரண்டாம் கட்டத்தின் மேல் இருந்தது.
"லேடீஸ் எல்லாம் இதான் எடுக்குறாங்க மேடம்.
ரெண்டு காலும் தரையில நல்லா ஊனும்."
எத்தனை லேடீஸ் என்று கேட்டேன்.
"நீங்கதான் மொத ஆளு."

தாழ்த்தினால் எது குறையும் என்று எனக்குத் தெரியும்.
வண்டியின் வயிற்றுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் காற்று.
சாப்டூருக்கு மேலே, ஓடை ரோட்டைத் தின்றுவிட்ட இடத்தில்
அந்த இரண்டு விரற்கடைக் காற்றுதான்
என்ஜின் ஆயிலை என்ஜினுக்குள் வைத்திருக்கும்.

மின்னணுவையும் யோசித்தேன்.
பேரையூர் விலக்கில் அது பழுதானால் யாரைக் கூப்பிடுவது?
அங்கே பஞ்சர் ஒட்டும் மாயழகு
திருப்புளிக்குத் திரும்பாத எதையும் தொட மாட்டார்.
அதுவும் போக,
எனக்காக முடிவெடுக்கிறவர்கள்
கால்நடைத் துறையில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

சரி, உட்கார்ந்து பார்ப்போம் என்று
டெமோ வண்டியில் ஏறினேன்.
இருக்கை எண்பத்தேழு சென்டிமீட்டர்.
நான் ஐந்தடி இரண்டு அங்குலம்.
இடது பெருவிரல் டைல்ஸைத் தொட்டது,
வலது கால் காற்றில்.
ஸ்பிரிங் அமிழவே இல்லை.
எண்பது கிலோ ஆளுக்கென்று சுருட்டிய கம்பி,
ஐம்பத்தொரு கிலோவை
இன்னும் யாரும் ஏறவில்லை என்றே
நினைத்துக்கொண்டிருந்தது.

பிறகு, கால் இல்லாத பக்கமாக,
மெதுவாக,
லாரியில் சரியாக அடுக்காத மூட்டை சரிவதைப் போல
வண்டி சாய்ந்தது.
நான் குதித்து விலகி நின்றேன்.
விழுகிற எடையைத் தாங்கிப் பிடிக்கக் கூடாது என்று
முதல் வருஷமே ஓர் எருமை சொல்லிக்கொடுத்திருக்கிறது.

வாட்ச்மேன், கேஷியர், டீ கொண்டுவந்த பையன்,
மூன்று பேரும் ஓடிவந்தார்கள்.
தொடாதீங்க என்றேன்.

கன்று போட்ட மறுநாள்
எழ முடியாமல் கிடக்கும் மாட்டை
ஊரே கூடி வாலைப் பிடித்துத் தூக்கும்.
தூக்கினால் எழாது.
நரம்பில் கால்சியம் ஏற்றி,
காலை உடம்புக்கடியில் சேர்த்துவைத்து,
அதற்கே எழத் தோன்றும் நொடிக்காகக்
காத்திருக்க வேண்டும்.
வண்டிக்கு எதுவும் தோன்றாது.
அந்த வித்தியாசம் புரியாதவள் இல்லை நான்.
ஆனாலும் ஒரு நிமிஷம் காத்திருந்தேன், பழக்கம்.

மறுபக்க ஸ்டாண்டை முதலில் இழுத்து விட்டு,
கியரில் போட்டு, ஹேண்டிலை முழுக்கத் திருப்பி,
இருக்கையில் முதுகைக் கொடுத்து
பின்னோக்கிப் பின்னோக்கிச் சின்ன அடிகளாக நடந்தேன்.
இருநூற்றுப் பத்து கிலோ எழுந்தது.
கைக்காப்பில் ஒரு கீறல்.
சகாயராஜ் அதைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார்.
போகவில்லை.

நாலாவது கட்டம் ஒன்று இருக்கா என்று கேட்டேன்.
"அப்டின்னா?"
உயரம் குறையக் கூடாது, கம்பி மட்டும் இளக்கமா இருக்கணும்.
பட்டறையிலிருந்து ஜமால்தீனைக் கூப்பிட்டார்கள்.
கை துடைத்துக்கொண்டே வந்தவர் சொன்னார்:
"இருக்கு. படிவத்துல போட மாட்டாங்க.
நாப்பது நாள் ஆகும்.
உங்க எடை என்ன, பின்னாடி கட்டுற சுமை என்ன?"

கோமாரி ஊசி மருந்தும் ஐஸ் பெட்டியும் பதினாலு கிலோ.
மொத்தம் அறுபத்தைந்து என்று
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.
இத்தனை வருஷத்தில் நான் ஓட்டிய எந்த வண்டியும்
கேட்காத கேள்வி.

முதல் கட்டத்தில் டிக் அடித்து
ஓரத்தில் 'இளக்கமான ஸ்பிரிங்' என்று எழுதி
சோலைராணி என்று கையெழுத்துப் போட்டேன்.
"கால் எட்டாதே மேடம்?"
ஒரு கால் எட்டும்.
மேடு எந்தப் பக்கம்னு பாத்து நிறுத்திக்குவேன்.

காளவாசல் சிக்னலில்
என் பழைய ஸ்கூட்டரில் இரண்டு காலும் ஊன்றி நின்றேன்.
எண்பது நொடி என்றது பலகை.
வலது காலைத் தூக்கிப் பார்த்தேன்.
நாற்பது வரைக்கும் ஆடவில்லை.
முப்பதில் கொஞ்சம்.
பின்னாலிருந்த ஷேர் ஆட்டோ
பச்சை விழும் முன்னே ஹாரன் அடித்தது.